திரும்பிப் பார்க்கும் நாட்கள்: பெற்றோரை இழந்த வளரிளம் பிள்ளையின் துயர்

இறப்பு நேர்ந்த வீட்டுக்குப் போய்வருவதைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு வட்டாரத்தில் அது கேதம் கேட்பது, இன்னொன்றில் துட்டிக்குப் போவது, வேறோரிடத்தில் எழவுக்குப் போவது, பொதுவழக்கில் துக்கம் விசாரிப்பது. இவையெல்லாம் வெளியிலிருந்து வருகிறவர்களின் செயலைச் சொல்லும் சொற்கள். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது: தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையின் துறைகளை எண்ணும்போது, மனைவியை இழந்தவனின் நிலையைத் தபுதாரநிலை என்றும், கணவனை இழந்து நோன்பிருப்பவளின் நிலையைத் தாபதநிலை என்றும் பிரித்துக் காட்டுகிறது. தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைக்கு அப்படித் தனித்துறை வகுக்கப்படவில்லை. அந்தத் துயரம், செய்வதறியாது நிற்கும் எல்லாருக்கும் பொதுவான கையறுநிலைக்குள் அடங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய இரங்கற் பாடல்களுள் ஒன்று, தந்தையை இழந்த பிள்ளைகளின் குரலிலேயே அமைந்தது. புறநானூற்றின் 112ஆம் பாடல் பறம்புமலைத் தலைவன் பாரியின் மகளிர் பாடியது. ஒரு முழுநிலவுக்கும் அடுத்த முழுநிலவுக்கும் இடையில் தம் வாழ்வில் எது இல்லாமற் போயிற்று என்பதை மட்டும் சொல்லிவிட்டு, ஆறுதல் எதையும் தேடாமல், ஐந்தே அடிகளில் அது நின்றுவிடுகிறது. அதன்பின் அம்மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோன், இருங்கோவேள் ஆகிய தலைவர்களிடம் சென்று, இவர்களை ஏற்றுக்கொள்ளுமாறு பாரியின் நண்பரான புலவர் கபிலர் கேட்டுக் கசந்து திரும்பிய அலைச்சல் 200, 201, 202 என மூன்று பாடல்களாக விரிகிறது. கபிலரின் அன்பை யாரும் குறைகூற முடியாது. ஆயினும், பிள்ளைகளின் துயரத்துக்கு ஐந்து அடியும் அவர்களை எங்கே சேர்ப்பது என்ற பெரியவர்களின் கவலைக்கு மூன்று நெடும்பாடல்களும் என்ற அந்த விகிதம், இன்றைய தமிழ் வீடுகளில் அப்படியே தொடர்கிறது என்பதே இவ்வுரை முன்வைக்கும் கருத்து. இறப்பு நிகழ்ந்த மறுநாள் முதல், பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றி வீட்டில் எல்லாரும் பேசுகிறார்கள்; படிப்பு என்ன ஆவது, கட்டணம் யார் கட்டுவது, யார் வீட்டில் விடுவது என்று அக்கறையோடுதான் பேசுகிறார்கள். இறந்தவரைப் பற்றி அந்தப் பிள்ளையோடு பேசுவதற்குத்தான் ஆளில்லை.

தொடர்வதற்கு முன் இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வது நல்லது. ‘துயர்’ என்பது இழப்பினால் ஒருவரின் மனத்திலும் உடலிலும் நிகழ்வது; உறக்கம் கெடுவது, பசி அடங்கிப்போவது, நெஞ்சில் கல் வைத்தாற்போன்ற பாரம், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் இதில் சேரும். ‘துக்கம் காத்தல்’ என்பது அதைச் சமூகம் அறிய வெளிப்படுத்தும் முறை; பால் தெளிப்பதிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரை எல்லாம் இதன் பகுதி. பெரியவர்களிடம் இவ்விரண்டும் ஓரளவு கைகோத்துச் செல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை என வரையறுக்கும் வளரிளம் பருவத்தினரிடம் இவை பெரும்பாலும் பிரிந்தே கிடக்கின்றன. சடங்கில் பிள்ளை நடுநாயகமாக நிற்கிறது. அதன் துயர் வேறெங்கோ, வேறொரு காலத்தில் நடக்கிறது.

சடங்கைச் சற்று அருகில் சென்று பார்த்தால் இது விளங்கும். பல சமூகங்களில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கமாதலால், பத்தாம் வகுப்போ பதினொன்றாம் வகுப்போ படிக்கும் சிறுவன் அந்த இடத்தில் நிற்க நேர்வது அரிதன்று. ஈர வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ, யாரோ ஒரு மாமன் பின்னாலிருந்து அதை இறுக்கிக் கட்டிவிட, நீர் நிறைந்த புது மண்குடத்தை அவன் தோளில் ஏற்றுகிறார்கள். உடலைச் சுற்றி அவன் ஒரு சுற்று வந்ததும், உடன் நடப்பவர் கத்தி நுனியால் குடத்தில் ஒரு துளை இடுகிறார். குளிர்ந்த நீர் பீறிட்டு முதுகில் வழிகிறது. இரண்டாம் சுற்றுக்கு இன்னொரு துளை, மூன்றாம் சுற்றுக்கு மற்றொன்று. குடம் இலேசாகிக்கொண்டே வர, முகத்தைத் திருப்பாமல் அதைப் பின்பக்கமாகப் போட்டு உடைக்கச் சொல்கிறார்கள். கையில் கொடுத்த தீயை வைக்கச் சொல்கிறார்கள். பிறகு, திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொல்கிறார்கள். பல்லாயிரம் பேர் நடந்த வழி அது என்பதால் அதற்கென ஒரு தாங்கும் வலிமை உண்டு. என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில், செய்வதற்கு ஒன்றைக் கையில் கொடுப்பது சிறிய உதவியன்று.

சிக்கல் சுடுகாட்டிலிருந்து வீடு திரும்பும் வழியில் தொடங்குகிறது. “இனிமே நீதாம்ப்பா எல்லாம்”, “அம்மாவ நீதான் பாத்துக்கணும்”, “நீ அழுதா அவ ஒடஞ்சு போயிருவா” என்று ஒவ்வொருவராக அவன் தோளைத் தொட்டுச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் தைரியம் கொடுப்பதாகவே நினைக்கிறார்கள். அவனோ, தகப்பன் போன அதே நாளில் தகப்பனின் இடத்துக்கு அமர்த்தப்படுகிறான். மகனாக இருந்து அழுவதற்கு அவனுக்கு ஒரு பிற்பகல்கூட மிஞ்சுவதில்லை. பெண்பிள்ளையின் நிலை இன்னும் நெருக்கடியானது. பெரும்பாலான குடும்பங்களில் அவள் தெருமுனையோடு நிறுத்தப்படுகிறாள். உடல் போனபின் வீட்டைக் கழுவிவிடுபவர்களோடு சேர்கிறாள். தாய் இறந்திருந்தால், பதினாறாம் நாள் கழிந்து உறவினர் புறப்பட்டுப் போனதும், அடுப்பங்கரை யாரும் சொல்லாமலே அவளுடையதாகிவிடுகிறது. அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தாயின் கைமணம் எழ, அதற்கு நடுவே தம்பிக்குச் சாப்பாடு கட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். ஒப்பாரி என்ற வடிவம் பெண்களுக்கு ஒருகாலத்தில் பெரிய வடிகாலாக இருந்தது. இறந்தவரை அழைத்து, ஏசி, குறைசொல்லி, கொஞ்சிப் பாட அதில் இடம் இருந்தது. இன்றைய பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது பாட்டியின் மொழி. அதைக் கேட்டு அவள் கூசுகிறாள், அல்லது மிரள்கிறாள்.

இறப்பு என்றால் என்னவென்று விளங்காததால் வளரிளம் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. இறந்தவர் மீளமாட்டார், எல்லாருக்கும் இது நேரும் என்பன போன்ற அடிப்படைகளைப் பெரும்பாலான பிள்ளைகள் பத்து வயதுக்குள் புரிந்துகொண்டுவிடுகின்றன. தடுமாற்றத்தின் வேர் வேறு. வளரிளம் பருவம் என்பதே பெற்றோரிடமிருந்து மெல்ல விலகித் தானாக ஆகும் பருவம். விலகுவதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் உறுதியாக நின்றுகொண்டிருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்வதும், எதிர்த்துப் பேசுவதும், நான்கு நாள் முகம்கொடுக்காமல் இருப்பதும், பிறகு பசித்தபோது ஒன்றும் நடவாததுபோல் வந்து உட்கார்வதும் அந்த வயதின் இயல்பான போக்குவரத்து. சண்டை நடுவில் நிற்கும்போது எதிரில் நின்றவர் இறந்துவிட்டால், அந்தச் சண்டையை முடிக்க வழியே இல்லாமற் போகிறது. கடைசியாகப் பேசிய சொல் கைப்பேசிக்காகவோ மதிப்பெண்ணுக்காகவோ எழுந்த கடுஞ்சொல்லாக இருந்தால், பிள்ளை அதை ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும். “ஏன் இப்படி உம்முனு இருக்கே” என்று கேட்பவருக்குக் கிடைக்கும் “ஒண்ணுமில்ல” என்ற விடைக்குள் பெரும்பாலும் இந்தக் குற்றவுணர்வு இருக்கிறது.

இரண்டாவது காரணம், மற்றவர்களைப் போலவே இருக்க வேண்டும் என்னும் அந்த வயதின் தீராத வேட்கை. காரியம் முடிந்து பள்ளிக்குத் திரும்பும் நாளில், மொட்டையடித்த தலையே எல்லாருக்கும் செய்தி சொல்லிவிடுகிறது. நண்பர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் ஒதுங்குகிறார்கள். ஆசிரியர் அளவுக்கு மீறி மென்மையாகப் பேசுகிறார். ‘பாவம், அப்பா இல்லாத பிள்ளை’ என்ற சொல் காதில் விழுகிறது. பரிவின் சொல்தான் அது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை, இனி ஒருவர்கூடத் தன்னைப் பார்த்து அப்படிச் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்துச் சிரித்துத் திரிகிறது. மூன்றாம் நாளே தெருவில் மட்டை பிடிக்கிறான், திரைப்படம் பார்த்துச் சிரிக்கிறாள் என்று பெரியவர்கள் மனம் நொந்துகொள்வது இதனால்தான்.

அந்தச் சிரிப்பைக் கல்நெஞ்சம் என்று கொள்வது பெரும்பிழை. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகர ஆய்வாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கூட் இருவரும் 1999இல் முன்வைத்த ‘இருவழிக் கோட்பாடு’ இதைத் தெளிவாக விளக்குகிறது. இழந்தவர் ஒருபக்கம் இழப்பின்மேல் மனத்தை வைக்கிறார். மறுபக்கம் வாழ்க்கையை மீண்டும் கட்டும் வேலைகளில், விளையாட்டில், நண்பர்களில் மனத்தை வைக்கிறார். இவ்விரண்டுக்கும் இடையே ஊஞ்சல்போல் போய்ப்போய் வருவதே நலமான துயரின் இலக்கணம் என்பது அக்கோட்பாட்டின் சாரம். ஒரே பக்கத்தில் சிக்கி நின்றுவிடுவதுதான் கேடு. இளம்வயதினரிடம் இந்த ஊஞ்சல் பெரியவர்களைவிட வேகமாக ஆடுகிறது. மாலையில் தெருவில் சிரித்த பிள்ளை இரவில் தகப்பனின் சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு கிடப்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

துயரைப் பற்றிய மேலைச் சிந்தனையின் பழைய நிலைப்பாடு வேறாக இருந்தது. சிக்மண்ட் ஃப்ராய்ட் 1917இல் வெளியிட்ட துக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றிய கட்டுரை, இறந்தவரோடு கட்டுண்ட மனத்தின் இழைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மீட்பதே துயரின் பணி என்றது. சுடுகாட்டில் சொல்லப்படும் ‘திரும்பிப் பார்க்காதே’ என்பதன் உளவியல் வடிவம் என்று இதைக் கூறலாம். ஆனால் ஃப்ராய்டின் வாழ்க்கையே இதற்கு மறுப்பாக அமைந்தது. அவருடைய மகள் சோஃபி 1920இல், 26ஆம் வயதில், அன்று பரவிய இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் இறந்தார்; ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகளின் பிறந்தநாளன்று, மகனை இழந்த நண்பர் லூட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த வெற்றிடத்தை எது நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும் என்றும், அது அப்படி இருப்பதே சரி என்றும் ஃப்ராய்ட் ஒப்புக்கொண்டார்.

கோட்பாடு அந்தத் தகப்பனின் அனுபவத்தை எட்டிப்பிடிக்க இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வில்லியம் வோர்டனும் ஃபில்லிஸ் சில்வர்மனும், தாயையோ தந்தையையோ இழந்த 6 முதல் 17 வயது வரையுள்ள 125 பிள்ளைகளை, 70 குடும்பங்களில், இரண்டாண்டுக் காலம் தொடர்ந்து சந்தித்து ஆராய்ந்தனர். பெரும்பான்மையான பிள்ளைகள் இறந்தவரை விட்டுவிடவே இல்லை என்பது அவர்கள் கண்ட செய்தி. அவர் எங்கிருந்தோ தம்மைக் கவனிப்பதாக அவர்கள் உணர்ந்தனர், கனவில் கண்டனர், மனத்துக்குள் பேசினர், அவருடைய பொருள் ஒன்றை அருகில் வைத்திருந்தனர். இது நோயின் குறி அன்று, உறவு புது வடிவில் தொடர்வதன் குறி என்ற விளக்கம், டென்னிஸ் கிளாஸ், சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் தொகுத்து 1996இல் வெளிவந்த நூலின் வழியாகத் ‘தொடரும் பிணைப்பு’ என்ற பெயர் பெற்றது. அதே ஆய்வு தந்த வேறிரு முடிவுகள் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானவை. பிள்ளை எப்படித் தேறும் என்பதை எல்லாவற்றையும்விட மிகுதியாகத் தீர்மானிப்பது, எஞ்சியிருக்கும் தாயோ தகப்பனோ எப்படித் தேறுகிறார் என்பதே. அடுத்தது, பெற்றோர் உள்ள பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் இடையிலான வேறுபாடு முதலாண்டைவிட இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் தெளிவாகத் தெரிந்தது. கேதம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் மறந்துவிட்ட பிறகுதான் பிள்ளையின் துயர் கண்ணுக்குத் தெரியும் வடிவம் எடுக்கிறது என்று இதற்குப் பொருள்.

இங்கே தமிழ் மரபின் மறுபாதியைக் கவனிக்க வேண்டும். சுடுகாட்டில் திரும்பிப் பார்க்காதே என்று சொன்ன அதே மரபு, திரும்பிப் பார்ப்பதற்கென்று நாட்களையும் குறித்துவைத்திருக்கிறது: அமாவாசை, ஆண்டுத் திவசம், ஆடியிலும் தையிலும் நீர்க்கடன், வீட்டுப் படையல், கிறித்தவக் குடும்பங்களில் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். இறந்தவருக்குப் பிடித்த பண்டம் எது என்பதைப் படையலன்று நினைவுகூர்ந்தே ஆக வேண்டும்; அவர் வெற்றிலை போடுபவரா, வறுத்த மீன் கேட்பவரா, தேநீரில் சர்க்கரை கூடக் கேட்பவரா என்ற பேச்சு அங்கே தானாக எழுகிறது. தொடரும் பிணைப்பு என்று 1996இல் பெயர் பெற்றதை ஒரு வாழையிலையில் நிகழ்த்திக் காட்டும் ஏற்பாடு இது. குறை ஒன்றே: பல வீடுகளில் இந்நாட்கள், ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்துபோகும் கடமையாகவும், பள்ளி வண்டிக்கு முன் முடித்தாக வேண்டிய வேலையாகவும் சுருங்கிவிட்டன. பண்டம் படைக்கப்படுகிறது, பேச்சு நிகழ்வதில்லை.

பேச்சு நிகழாதபோது துயர் எவ்வளவு நீண்ட பயணம் போகும் என்பதற்குத் தமிழ் இலக்கியத்தின் பெரிய சான்று சுப்பிரமணிய பாரதி. 1882 டிசம்பரில் பிறந்த அவர், ஐந்து வயதில் தாய் லட்சுமி அம்மாளை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் மறுமணம் செய்துகொண்டார். கணிதத்திலும் இயந்திரங்களிலும் ஈடுபாடுடைய அத்தந்தை மகனும் அத்திசையில் சிறக்க வேண்டும் என்று விரும்பினார். மகன் கவிதையின் பக்கம் சாய்ந்தார். திருநெல்வேலியில் ஆங்கிலப் படிப்பு, 1897இல் செல்லம்மாளுடன் மணம் என எல்லாம் தந்தையின் ஏற்பாடு. எட்டயபுரத்தில் தந்தை தொடங்கிய பருத்தி ஆலை நொடித்து, குடும்பம் வறுமைக்குள் இறங்கியது. 1898இல் தந்தை இறந்தார். அப்போது பாரதிக்குப் பதினாறு நிறையவில்லை. தாயுமில்லை, தந்தையுமில்லை, மணமான சிறுமி ஒருத்தி கடையத்தில் இருக்கிறாள், பையில் காசில்லை என்ற நிலையில் அவர் காசிக்கு அழைத்துக்கொள்ளப்பட்டார். அங்கே இருந்தவர் அத்தை குப்பம்மாள், அதாவது தந்தையோடு உடன்பிறந்து, தந்தையைச் சிறுவனாகப் பார்த்தவர். பெற்றோரை இழந்த பிள்ளைக்கு இப்படிப்பட்ட ஒருவரைவிடப் பெரிய சொத்து கிடையாது. இறந்தவரின் பேச்சையும் கோபத்தையும் பிள்ளைப்பருவக் குறும்பையும் அவரைப்போல் எடுத்துக் கொடுக்க வேறொருவரால் இயலாது.

காசியில் அந்த இளைஞர் குடுமியை எடுத்தார், மீசை வளர்த்தார், தலைப்பாகை கட்டினார். ஆசாரம் மிக்க அத்தையின் கணவர் கிருஷ்ண சிவனுக்கு அது பிடிக்கவில்லை. வரலாற்று நூல்கள் இதைப் புரட்சிக்கு முன்னோட்டமாகக் காண்கின்றன. எதிர்த்து நிற்கத் தகப்பன் இல்லாத பிள்ளை, எதிர்ப்பதற்கு இன்னொரு பெரியவரைக் கண்டுகொண்டதாகவும் அதைப் படிக்க இடமுண்டு. பிறகு எட்டயபுரம், மதுரை, சென்னை, இதழ்ப்பணி, அரசியல், புதுச்சேரி என ஓடிய வாழ்வில் தந்தையின் இறப்பைப் பற்றிய சொல் வெளிப்பட்டது 1910இல், ‘கனவு’ என்ற பெயரில் வெளியான சுயசரிதைப் பாடலில்தான். அப்போது அவருக்கு 27 வயது. இறப்பு நிகழ்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் ஒரு பகுதிக்கே தந்தை வறுமையுற்றதைத் தலைப்பாக்கியிருக்கிறார். அந்தப் பாடலில் இரங்கலும் குற்றச்சாட்டும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன: தம்மை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய தந்தையிடம் முறையீடு, இளவயதில் மணமுடித்துவைத்ததில் மனக்குறை, அதே தந்தை பொருள் தேடப்போய் வஞ்சிக்கப்பட்டு நொந்து மாய்ந்ததில் நெஞ்சு பொறுக்காத வேதனை. பதினைந்து வயதில் பாதியில் நின்றுபோன வாக்குவாதத்தை ஒரு மகன் பன்னிரண்டாண்டு கழித்து முடிக்க முயல்வதை அதில் கேட்கலாம். அன்பு மட்டும் உள்ள இரங்கற்பா எழுதுவது எளிது. கோபத்தையும் உள்ளே விட்டு எழுதியதால்தான் அது உண்மையாக இருக்கிறது. துயருறும் பிள்ளைக்குத் தரப்பட வேண்டிய முதல் உரிமையும், இறந்தவர்மேல் கோபப்படும் உரிமையே.

பாரதியின் காலத்துக்கும் இன்றைக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: இன்றைய பிள்ளையின் இழப்பு காகிதங்களின் வழியாகத் திரும்பத்திரும்ப வருகிறது. இறப்புச் சான்றிதழை நெகிழித்தாள் ஒட்டி ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, வாரிசுச் சான்றிதழுக்காகத் தாயோடு வட்டாட்சியர் அலுவலக நீளிருக்கையில் காத்திருப்பவன் அவன். விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்களைத் தாய்க்குப் படித்துச் சொல்பவள் பெண்பிள்ளை. பள்ளிப் படிவத்தில் தந்தை பெயர் என்ற இடத்துக்கு முன்னால் முதன்முறையாக ‘லேட்’ என்று எழுதும்போது பேனா ஒரு கணம் நிற்கிறது. தந்தையின் தொழில் என்ற அடுத்த கட்டத்தில் என்ன எழுதுவது என்று எந்தப் படிவமும் சொல்வதில்லை. கைப்பேசியில் ‘அப்பா’ என்று சேமித்த எண் அப்படியே இருக்கிறது. சில மாதம் கழித்து அந்த எண் வேறொருவருக்குப் போய், சுயவிவரப் படத்தில் தெரியாத முகம் தோன்றும் நாளில் இரண்டாம் முறை இழப்பு நேர்கிறது. இவை அற்பம் என்று பெரியவர்கள் ஒதுக்கும் செய்திகள். பிள்ளையின் துயர் நிகழும் இடங்கள் உண்மையில் இவையே.

கொரோனாப் பெருந்தொற்றின்போது இவ்விழப்பின் அளவு திடீரென எல்லார் கண்ணிலும் பட்டது. 2020 மார்ச் முதல் 2021 ஏப்ரல் வரையான காலத்தில் மட்டும், உலகெங்கும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தாயையோ தந்தையையோ வளர்க்கும் பொறுப்பிலிருந்த தாத்தா பாட்டியையோ இழந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வெளியான மதிப்பீடு கூறியது. தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில், தொற்றுக்குப் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் தலா 5 லட்சம் ரூபாய் வைப்பீடு செய்து, 18 வயது நிறையும்போது வட்டியுடன் வழங்க ஏற்பாடு செய்தது. போற்றத்தக்க செயல் அது; பணத்தின் தேவையைக் குறைத்துப் பேசுவது, பசியறியாதவர் பேச்சு. இருப்பினும் அந்த நாட்களில் நேர்ந்த வேறொன்றுக்கு வைப்பீடு எதுவும் இல்லை. உறையிட்ட உடலைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களும், பார்க்கவே இயலாதவர்களுமாகிய பிள்ளைகளுக்கு அந்த மண்குடமும் கிடைக்கவில்லை, மூன்று சுற்றும் கிடைக்கவில்லை.

மறைக்கப்படும் இறப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தகப்பன் குடியால் இறந்திருந்தால், பெற்றோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருந்தால், வீடு ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்து, நெஞ்சுவலி என்றோ கால் வழுக்கியது என்றோ பிள்ளைக்கும் ஊருக்கும் ஒன்றாகச் சொல்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உண்மை பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் தாயைக் காப்பாற்றும் வேலையையும் அது சேர்த்துச் சுமக்கிறது. வயதுக்கேற்ற சொற்களில், நடந்ததை நடந்தபடி, நம்பிக்கைக்குரிய ஒருவர் சொல்லிவிடுவதே நல்லது. ‘உன்னால் நேர்ந்ததில்லை’ என்ற ஒரு சொல்லை அத்துடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளை அதைக் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும்.

துயர் எப்போது மருத்துவ உதவி தேவைப்படும் நிலையாகிறது என்பதற்கும் வரையறை உண்டு. நீடித்த துயர் நோய் என்ற பெயரில் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் 2022ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு இதைச் சேர்த்தபோது, பெரியவர்களுக்கு ஓராண்டையும் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆறு மாதத்தையும் குறைந்த அளவாகக் கொண்டது. அத்தனை மாதம் கடந்தும் அன்றாட வாழ்வே நின்றுபோகும் அளவுக்கு ஏக்கம் மாறாமல் இருந்தால், மருத்துவரிடம் செல்வது தேவை. சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தாலோ நாட்கணக்கை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைப்பவை. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது மருந்தன்று. தகப்பனின் நண்பர் ஒருவர், தாயின் தோழி ஒருத்தி, ஒரு சித்தப்பா, ஓர் ஆசிரியை என, இறந்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்லும் ஒருவர். முதல் மாதத்தில் அல்லாமல், இரண்டாம் ஆண்டில் வருகிறவர். பொதுத்தேர்வு முடிவு வந்த மாலையில், ‘உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பார்’ என்று சொல்லி, பிள்ளை அழுதால் எழுந்து போகாமல் உடனிருக்கிறவர்.

துயர் தாமதித்து வருவதற்கு இன்னொரு சான்றும் தென்பாண்டி நாட்டிலேயே, பாரதியின் காலத்திலேயே இருக்கிறது. திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரம் ஐயர் 1892இல் இறந்தபோது, பிற்காலத்தில் ரமண மகரிஷி என அறியப்பட்ட அவருடைய மகன் வேங்கடராமனுக்கு வயது 12. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது: மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிற்றப்பா வீட்டுக்குப் போக, இளைய பிள்ளைகள் தாயோடு தங்கினர். இழப்பு ஒன்று நேர்ந்தால் அதன்பின்னால் வீடு, ஊர், உடன்பிறந்தார், பள்ளி என வேறு இழப்புகள் வரிசைகட்டி வருவதை உளவியலார் ‘இரண்டாம் நிலை இழப்புகள்’ என்பர். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அவை அனைத்தும் ஒரே ஆண்டில் நேர்ந்தன. அதன்பின் பந்தாட்டம், சிலம்பம், நண்பர்கள் என எல்லாப் பையன்களையும் போல அவன் வளர்ந்தான். நான்கு ஆண்டுகள் கழித்து, 1896இன் நடுப்பகுதியில், நல்ல உடல்நலத்தோடு மாடியறையில் தனியே இருந்தபோது, திடீரென மரண பயம் அவனைப் பற்றிக்கொண்டது. கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போல் படுத்து, இந்த உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துச்சென்று எரித்துவிட்டால் எஞ்சுவது எது என்று அவன் தனக்குள் தேடினான். ஆன்மிக வரலாறு அந்த நிகழ்வுக்குத் தரும் பொருளை உளவியலால் குறுக்கிவிடக் கூடாது. ஆயினும் அந்த வினாவைக் கேட்டவன், தகப்பனின் உடல் சுடுகாட்டுக்குப் போன வீட்டுப் பிள்ளை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், தமையனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு குறிப்போடு வைத்துவிட்டு அவன் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். கையொப்பம் இடவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்த அக்குறிப்பு, தன் தகப்பனாரைத் தேடி, அவர் ஆணைப்படி போவதாகச் சொன்னது. அங்கே தகப்பனார் என்பது அருணாசலேசுவரர். பதினாறு வயதுப் பிள்ளையின் கைக்கு வந்த சொல்லும் அதுதான்.

தாய் அழகம்மாள் பல ஆண்டுகள் கழித்து மலைக்கே வந்து மகனோடு தங்கினார். 1922 மே 19ஆம் நாள் அவர் இறக்கும் தறுவாயில், ஒரு கையைத் தாயின் தலையிலும் மறுகையை நெஞ்சிலும் வைத்தபடி ரமணர் மணிக்கணக்கில் அருகிலேயே அமர்ந்திருந்தார். மலையடிவாரத்தில் தாயை அடக்கம் செய்தபின், மேலே தாம் வசித்த கந்தாசிரமத்திலிருந்து அடிக்கடி இறங்கி அந்தச் சமாதிக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர், அவ்வாண்டு டிசம்பரில் ஒருநாள் வந்தபின் அங்கேயே தங்கிவிட்டார்.